மூன்று அடி

பகலெல்லாம் தையல் கூடத்தில்
காலர்களில் லேபிள் தைக்கிறவள் நான்.
இரவில் மகளின் சட்டைகளிலிருந்து
அதே லேபிளைப் பிரித்தெடுக்கிறேன்,
நூல்நுனிகூட மிஞ்சாமல்.
மிஞ்சினால் ரயேனின் கழுத்தில் அது முள்.
பள்ளி வாசலிலேயே சட்டையைக் கழற்றிவிடுவாள்.

வால்பரைசோவில் ரொட்டி
நான்காகப் பிட்டுக்கொள்ளத் தோதாக வெந்து வரும்.
மூன்று துண்டு அவளுக்கு.
நான்காவது தட்டிலேயே இருக்கவேண்டும்,
ஈகூட உட்காரக்கூடாது.
ஏன் என்று கேட்பதை
எப்போது நிறுத்தினேன், நினைவில்லை.

ஆட்டிசம் என்றார் மருத்துவர்.
தாளில் எழுதியும் தந்தார்.
பழைய பேருந்துச் சீட்டுகளோடு மடித்து
நான்கு மாதம் பையிலேயே வைத்திருந்தேன்.
எதிர்வீட்டு எவுஃப்ராசியாவுக்குத் தாளெல்லாம் வேண்டியிருக்கவில்லை.
"ரெண்டு அடி போடு, எல்லாம் சரியாகும்."

செவ்வாய்க்கிழமை கேஸ் லாரி.
நிபால்தோ குன்றின் வளைவுகளில் ஏறி வருவான்,
ஸ்பேனரால் சிலிண்டரை அடித்துக்கொண்டே.
ணங். ணங். ணங்ணங்.
கையில் காசோடு பெண்கள் கதவைத் திறப்பார்கள்.
எனக்குக் கேட்பதற்கு இரண்டு தெரு முன்னாலேயே
ரயேனுக்குக் கேட்டுவிடும்.
மேசைக்கடியில், காதைப் பொத்திய விரல்கள் வெளுத்துப்போய்,
ஒரு சத்தம் போடுவாள்.
அழுகையில்லை அது.
அழுகிற பிள்ளை இடையில் ஒருமுறை
யார் வருகிறார்கள் என்று பார்க்கும்.

ஒருநாள் ஓடிப்போய் லாரியை மறித்தேன்.
"எங்கள் சந்தில் மட்டும் அடிக்காதே."
நான் வைத்திருந்த விளக்கமெல்லாம் வாயிலேயே நிற்க,
சரி என்று தலையாட்டிவிட்டான்.

அடுத்த செவ்வாய், லாரி பூனைபோல் போனது.
கேஸ் தீர்ந்தது தெரியாமல்
எவுஃப்ராசியா ஜில்லென்ற தண்ணீரில் குளித்தாள்.
பொய் சொல்வானேன், எனக்குச் சந்தோஷம்தான்.

ரயேன் மட்டும்
மூன்று மணிக்கே மேசைக்கடியில் போய்விட்டாள்.
காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தாள்.
நான்கானது. ஐந்தானது.
துறைமுகத்தில் விளக்கு போட்டார்கள்.
வரவேண்டிய சத்தம் வரவில்லை,
அதனால் அது இன்னும் வந்துகொண்டேயிருந்தது.
கையை எடுக்கவே இல்லை.
ரொட்டியை நான்தான் ஊட்டினேன். மூன்று துண்டு.

மறுவாரம் மறுபடி லாரியை மறித்தேன்.
"அடி. ஆனால் மூன்றே அடி.
எங்கள் வாசலில். நான்கு மணிக்கு."
இதற்கும் தலையாட்டினான். நல்லவனா, சோம்பேறியா,
அன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ணங்.
ணங்.
ணங்.

மேசைக்கடியில் இரண்டு கைகளும்
மடியில் இறங்கின.
"முடிஞ்சது," என்றாள் தரையிடம்.

இப்படி ஒன்பது செவ்வாய்.
பத்தாவதில் மனிதன் ஏதோ ஞாபகத்தில்
நான்காவது அடியும் அடித்துவிட்டான்.
அன்று இரவு வீட்டில் யாரும் தூங்கவில்லை,
சுவருக்கு அந்தப் பக்கமும்.

காலையில் எண்பத்திரண்டு படி ஏறி வந்து
வாசலில் நின்றான், தொப்பியைக் கசக்கிக்கொண்டு.
மன்னிப்பை யாரிடம் கேட்பது என்று தெரியாமல்
குளிர்பெட்டியைப் பார்த்தான்.
ரயேன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.
இடுப்பில் தொங்கிய ஸ்பேனரைப் பார்த்தாள்.
கையை நீட்டினாள்.
அவன் என்னைப் பார்த்தான். நான் எதுவும் சொல்லவில்லை.

அடுப்படிக்குப் போய்
எங்கள் சிலிண்டரின் தோளில்,
மெல்ல, இடைவெளி விட்டு,
ஒன்று.
இரண்டு.
மூன்று.

திரும்பிப் பார்த்தால்
அவ்வளவு பெரிய ஆள்
இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நின்றான்.
நானும்தான்.